நெகட்டிவ் ஏரியா

டவுட்டன் சிக்னல் பக்கம், மூணாம் மாடி, ஏசி.
ஸ்கூட்டி லோனுக்குப் போயிருந்தேன்.
ஆதார், பான், ஆறு மாசச் சம்பளச் சீட்டு
எல்லாம் சரி என்றார் கோகுலகண்ணன்.
பின்கோடு மட்டும்
திரையில் சிவப்பாக நின்றது.

வியாசர்பாடின்னா தர மாட்டீங்களா,
இது பாகுபாடு இல்லையா என்று கேட்டேவிட்டேன்.
அவர் கோபப்படவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாக,
"உங்க சாதியைக் கேட்டேனா மேடம்?
தரக்குறைவா ஒரு வார்த்தை?
தண்ணி பாட்டில்கூட நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"

எல்லாம் உண்மை.
வெறுப்பு வேண்டும், வாய்ச்சொல் வேண்டும், சாட்சி வேண்டும்.
அந்தச் சொல்லுக்கு அவர் வைத்திருந்த வாசல் குறுகல்,
என் பின்கோடு நுழையவில்லை.
அவர் கணக்குப்படி
ஒரு நல்ல மனுஷனை அவமானப்படுத்தியவள் நான்.
ஸாரி சார் என்றேன்.
அதுதான் இன்னும் எரிகிறது.

வெளியே மழை.
கணேசபுரம் சப்வேயில் முழங்கால் வரைக்கும்.
மாமன் மகன் வண்டி நட்ட நடுவில் நின்றுபோனது,
சைலன்சருக்குள் சாக்கடை.
தள்ளிக்கொண்டே வரும்போது தோன்றியது:
தண்ணீரும் யார் பேரையும் கேட்பதில்லை,
பள்ளம் எங்கே என்று மட்டும் பார்க்கும்.
தண்ணீர்மேல் எனக்கு வழக்கில்லை.

பள்ளம் தானாக விழுந்ததா சார்?

மூணாம் மாடியில் கேட்டிருக்க வேண்டியது.
கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல.
பின்னால் ஆட்டோக்காரர் கத்தினார்:
"யம்மா, ஹேண்டில நேரா புடி,
தனியா பேசிக்கினு நடு ரோட்ல நிக்காத!"