மைனஸ் நாற்பது

ஆனி மாசத்து மேல்காற்று
உடைமரங்களை ஒருபக்கமாய்ப் பிடித்து அழுத்தும் ராத்திரி.
திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்தி நடக்கிறேன்.
முன்னால் டார்ச்சோடு வாட்ச்மேன் அணைஞ்சபெருமாள்.
"பாம்பா மேடம்?"
இல்லண்ணே. நம்ம பேருல இன்னொருத்தன்.

வளாகத்து வைஃபையின் பெயரேதான்,
நடுவிலுள்ள அடிக்கோடு உட்பட.
சேர்ந்தால் ஒரு பக்கம் விரியும்.
நம் முத்திரை, நம் நுழைவாயில் படம்.
பதிவெண் கேட்கும், கடவுச்சொல் கேட்கும்.
மத்தியானத்திலிருந்து நூற்றுப்பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள்,
துணைவேந்தர் அலுவலகத்தில் மட்டும் மூன்று.

நூலகத்தருகே மைனஸ் எண்பத்திரண்டு.
தாவரவியல் தாண்டினால் எழுபது.
கேண்டீன் பின்புறம் மறுபடி எண்பது.
எச்சில் இலைத்தொட்டி, தூங்காத ஒரு மயில்,
வேறொன்றுமில்லை. திரும்பினோம்.

விடுதி ஓரம் வந்ததும் திரை நிறைகிறது.
தூங்குகிறவர்களின் செல்போன்கள்
தெரிந்த பெயர்களை இருட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன:
கடையம் பெரியப்பா வீடு.
ஜெபா டியூஷன் சென்டர்.
எஸ்தர் அக்கா மாடி.
ஆலங்குளம் பஸ் ஸ்டாண்ட் இலவசம்.
இருக்கியா, இருக்கியா என்று
அரை நிமிஷத்துக்கு ஒருதரம்.
யார் 'இருக்கேன்' என்றாலும் போய்விடும்,
அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

அப்போதுதான் என் கைப்பை அதிர்ந்தது.
'வள்ளியூர் 14பி இணைக்கப்பட்டது.'

வள்ளியூருக்கு இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்.
பாஸ்வேர்டெல்லாம் எதுக்கு, வீடுதானே என்று
அவன் திறந்தே போட்டிருந்த வைஃபை.
அந்த வீட்டுச் சாவியை நாலு வருஷம் முன்
ஒரு வக்கீலின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.
'நெட்வொர்க் பாதுகாப்பு' என்று
என் அடையாள அட்டையில் அச்சடித்திருக்கிறது.

மைனஸ் நாற்பது.
மோட்டார் அறை. கதவிடுக்கில்
பவர் பேங்கோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய
சோப்பு டப்பா அளவுப் பெட்டி,
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
துப்பட்டா முனையால் வயரைப் பிடுங்கினேன்.
யார் வைத்தது என்பதை நாளைக்குப் பார்க்கலாம்.

நாளைக்குத்தான் சுற்றறிக்கையும்:
சான்றிதழைப் பார்க்காமல் 'ஏற்கிறேன்' அழுத்தாதீர்கள்.
பழைய பெயர்களை நீக்கிவிடுங்கள்.
போன வருஷத்து அறிக்கைதான், தேதியை மாற்றினால் போதும்.

"கேட்டுல நானும் அப்படித்தான் மேடம்.
டிபார்ட்மெண்ட் பேரைச் சொன்னா தொறந்து விட்டுருவேன்.
மூஞ்சியப் பாக்க மாட்டேன்" என்றார் அணைஞ்சபெருமாள்.
டார்ச்சை அணைத்தார். பேட்டரி மிச்சம்.

லேப்டாப்பை மூடப் போனேன்.
பெட்டி செத்த பிறகும்
திரையின் அடியில் ஒரு வரி வந்தது.
வள்ளியூர் 14பி, இருக்கியா.
என் பையிலிருந்துதான்.
அரை நிமிஷம் கழித்து
மறுபடியும்.