கூட்டல் ஒன்று

பாகாவ் கிளினிக்கில் மிஸி ஜமிலா
இளஞ்சிவப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள்:
கர்ப்பம் இரண்டு, பிள்ளை பூஜ்யம்,
கூட்டல் ஒன்று.
பிறக்காமல் போனதற்கு அவர்கள் இடும் குறி அது.
எண்ணெய் ஆலையின் எடைமேடையில்
ஒன்பது வருஷமாகக் கணக்கெழுதுகிறேன்.
இல்லாததைக் கூட்டலில் போடும் கணக்கை
அன்றுதான் பார்த்தேன்.

முதலில் வாந்தி.
குலை வேகும் ஆவி
ஆலைச் சுவரைத் தாண்டும் முன்பே
வயிற்றுக்குத் தெரிந்துவிடும்.
கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு
லோரி எண்ணை விரலால் காட்டச் சொல்வேன்.
டிரைவர்கள் சிரிப்பார்கள்.
ஆலம்கீர் மட்டும் சிரிக்காமல்
சீட்டோடு ஓர் அசாம்போய் பொட்டலம் நீட்டினான்.
டாக்காவில் அவன் பெண்டாட்டிக்கும் ஏழாவதாம்.
வாரமா, மாதமா, கேட்கவில்லை.

பதினோராம் வாரத்தைப் பற்றி
அதிகம் எழுத மாட்டேன்.
போன தடவை அங்கேதான் நின்றது.
ஏழு நாளும் கழிவறையில் விளக்குப் போடவில்லை.
எட்டாம் நாள் போட்டேன்.
துணி வெள்ளையாகவே இருந்தது.

ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி துடித்தது.
ஜோகூரில் கிரேன் ஓட்டும் யுகேந்திரன்
இரவு பஸ் பிடித்து வந்து, தூக்கம் கலையாத குரலில்,
"ஏன் இவ்வளவு அவசரம் அதுக்கு?" என்றான்.
அப்புறம் வாயே திறக்கவில்லை,
சாப்பாட்டுக் கடை வரைக்கும்.

பத்தொன்பதாம் வாரம், இரண்டு லோரிகளுக்கு நடுவே,
கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.
எடுத்துப் பார்த்தேன். செய்தி எதுவும் இல்லை.
மேசை மேல் அது இருக்க
மடியில் அதிர்ந்தது எது என்று
கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீர்.
"மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே மடக்கு" என்றாள்
ஐந்தாவதைச் சுமக்கும் கக் லீனா, மலாயில்.
இரண்டு மணி நேரம் பெஞ்சில்
அவளுடைய நான்கு பிரசவங்களையும் கேட்டு முடித்தேன்.
புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஏறியது.
மைலோ போச்சு. வெள்ளைச் சோறு பாதி.
வளைகாப்புக்கு மாமியார் ஏழு வகைச் சோறு கட்டிவந்தாள்;
வகைக்கு ஒரு கரண்டி தின்று
கொல்லைப்புறம் போய் விரலைக் குத்திக்கொண்டேன்,
வளையல்கள் காட்டிக்கொடுக்க.

இப்போது உதைகளை எண்ண வேண்டும்.
ஒரு நாளைக்குப் பத்து.
லோரி எண்களின் ஓரத்தில், உதைக்கு ஒரு கோடு.
"இது என்ன கணக்கு?" என்று கேட்ட மேனேஜரிடம்
"வரவு" என்றேன்.

கால் வீங்கிச் செருப்புக்குள் போகாத ஒரு மாலை,
கடைசி லோரியும் போன பிறகு,
வெறுங்காலோடு எடைமேடையில் ஏறி நின்றேன்.
ஐம்பது டன் தாங்கும் இரும்பு.
பலகையில் எண்பது என்று வந்தது.
மூச்சை இழுத்தேன், விட்டேன். எண்பதேதான்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அந்த மேடை அறியாது.
அதற்கு நீ இல்லை.
உனக்கு முன்னால் வந்ததும் இல்லை.
போன வருஷம் இதே மேடைக்குப் பக்கத்தில்
மூன்று நாள் லீவு முடிந்து வந்து உட்கார்ந்தபோது
ஒரு கிராம்கூடக் குறையாமல் ஓடியது கணக்கு.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து
மிஸி ஜமிலாவின் கையெழுத்தை,
அந்தச் சின்னச் சிலுவைக் கோட்டை,
விரலால் தொட்டேன்.
அவள் ஒருத்திதான் எழுதிவைத்திருந்தாள்.

இன்று முப்பத்தேழு.
பை கட்டி வாசலில் இருக்கிறது. யுகேந்திரனுக்கு லீவு
வெள்ளிக்கிழமை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
ஒன்பது கோடு போட்டாயிற்று.
மேடை மேல் லோரி ஹார்ன் அடிக்கிறான்.
பொறு என்று
கையைக் காட்டுகிறேன்.