ஒன்பது விநாடி

கன்னங்குறிச்சியில், கல்லூரியின் பின்கொட்டகை.
நாற்பது நிமிடம் கம்ப்ரஸர் மூச்சுப் பிடிக்கிறது,
ஒன்பது விநாடியில் விட்டுவிட.

மாக்னசைட் சுரங்கத்தில் மதிய வெடி
முடியட்டும் என்று காத்திருந்தோம்,
நானும் நான்கு மைக்குகளும்.

திறந்தேன்.
செவ்வாய்ப்பேட்டை ஜாபர் கடைந்த பித்தளை வாயிலிருந்து
ஒலியை முந்திக்கொண்டு காற்று.
நடுவில் அதிர்வலைகள் வைரம் வைரமாய்க்
கோத்து நின்றன, அசையாமல்.
கலவரமெல்லாம் ஓரத்தில்தான்:
சுழியைச் சுழி தின்று, கிழிந்து, இரைந்து.

அந்த இரைச்சலுக்கும் மேலே ஒற்றைக் கீச்சு.
அதைப் புரிந்துகொள்ள
ஏற்காட்டு மேகம் ஒருமுறை இறங்கி ஏறிவிட்டது.
சுழி வைரத்தில் இடிக்கிறது. இடித்த சத்தம்
வெளிக்காற்றில் திரும்பி நடந்து
வாயின் விளிம்பைத் தொடுகிறது.
விளிம்பு சிலிர்த்து அடுத்த சுழியை ஈனுகிறது.
தன் கத்தலைத் தானே கேட்டுத்தான்
மறுபடி கத்துகிறது.

இன்று விளிம்பில் ஒரு தகரப் பல் வைத்தேன்,
அரை நகம் அளவு.
கீச்சு இல்லை.
இரைச்சல் அப்படியே.
அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை போலும்.

வேலியோரம் எஸ்தர் டீச்சர்
காதிலிருந்து கையை எடுத்தார்.
‘முடிஞ்சுதுங்களா’ என்று வாயசைந்தது.

இல்லைங்க என்றேன்,
தெருவே திரும்பும்படி.
காதடைப்பானைக் கழற்ற மறந்திருந்தேன்.