இடைவெளி உட்பட

உப்சாலாவில் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது என்றால்
கோண்டாவிலில் விடிய மூன்று இருபத்தொன்பது.
படிவம் மூட இன்னும் பதினாறு நிமிடம்.
ரவுட்டரின் பச்சை விளக்கு
ஒருதரம் கண்ணை மூடித் திறக்கிறது.
நானும்.

முப்பத்தெட்டாவது விண்ணப்பம்.
முப்பத்தொன்பது என்றும் சொல்லலாம்,
ஒசாகாவுக்குத் தவறி இரண்டுதரம் அனுப்பினேன்.

ஆய்வு: சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று,
அதைத் தின்று காற்றாக்கிவிடும் பற்றீரியா.
மூன்றரை வருடம். நூற்றுப் பன்னிரண்டு கிணறு.
ஒரு சைக்கிள், இரண்டுதரம் மாற்றிய செயின்.
சைக்கிளுக்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

கலாநிதிப் பட்டம் பெற்று
ஐந்து வருடத்துக்கு மேற்படாதோர் மட்டும்.
எனக்கு நாலு வருடமும் பத்து மாதமும்.
மார்கழி ஒன்பதுடன் காலாவதி,
பால்மாப் பெட்டியின் அடியில் அச்சடித்திருப்பது போல.

கல்வியில் தடங்கல் இருப்பின் விளக்குக.
இருநூற்றைம்பது எழுத்து,
இடைவெளி உட்பட.

எழுதினேன். முந்நூற்றுப் பதினொன்று வந்தது.
ஊர்ப் பெயர்களை எடுத்தேன்.
மாதங்களை எடுத்தேன்.
தம்பியை எடுத்தேன்.
இருநூற்று நாற்பத்தெட்டு.
இரண்டு எழுத்து மிச்சம்,
அதற்குள் அவன் பெயர் அடங்காது.

பரிந்துரைப்போர் மூவர்.
பேராசிரியர் அரியநாயகம் ஆவணியில் போய்விட்டார்.
ஒஸ்லோவின் படிவத்துக்கு அது தெரியாது.
திங்கள்தோறும் அவருக்கு நினைவூட்டல் போகிறது:
இவரைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார். நல்லதாகத்தான்.
என் கால்புள்ளிகளைத் தவிர.

ஆடியில் ஒரு நேர்காணல் நடந்தது.
நடுவில் ஒரு ஒல்லாந்துக்காரர் காதைத் தீட்டினார்,
அங்கே மழையா?
இல்லை, பக்கத்துத் தோட்டத்து மோட்டர்,
வெங்காயத்துக்கு இறைக்கிறார்கள்.
அப்போது உங்கள் தரவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்.
எல்லாரும் சிரித்தோம்.
இரண்டு கிழமையில் அறிவிப்போம் என்றார்கள்.
இது ஒன்பதாவது கிழமை.

மூன்று இருபத்தேழு. அழுத்தினேன்.
கிடைத்தது, நன்றி,
இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம்.

படுத்தும் நித்திரை இல்லை.
ஏழு மணிக்கு உரும்பிராய், அறுபத்தோராம் கிணறு.
இன்பராணியக்கா வாளியை வைத்துவிட்டுக் கேட்டா,
"முடிவு வந்திட்டுதோ?"

எந்த முடிவு என்று
வாய் வரை வந்ததை விழுங்கினேன்.
"எழுபத்திநாலு அக்கா. ஐம்பதுக்கு மேல போகக்கூடாது.
பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

"நான் கொதிக்க வைச்செல்லோ குடுக்கிறன்."

"கொதிச்சால் தண்ணிதான் போகும்.
உள்ளுக்குக் கிடக்கிறது அப்பிடியே கிடக்கும்.
இன்னும் கூடும்."

அடுப்பில் கேத்தில் மூடி தடதடத்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.

"அப்ப என்ன செய்யிறது, சொல்லும்?"

அதற்கு ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன்,
அடிக்குறிப்புகளோடு, இன்று விடியப்புறம், வேறு ஆட்களுக்கு.
அவவிடம் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

"பவுசர் புதன்கிழமை வரும்" என்றேன்.
போத்தலை நிரப்பி, துடைத்து, ஒட்டி எழுதினேன்:
கிணறு 61. காலை 7.10.
மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.