போதுமா, போதாதா

இந்தப் புத்தகம் விடை கேட்பதில்லை.
மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்று.
முதலாவது மட்டும் போதுமா,
இரண்டாவது மட்டுமா,
சேர்ந்தால்தானா, தனித்தனியே போதுமா,
சேர்ந்தும் போதாதா.
ஐந்து கட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு
எக்ஸ் எவ்வளவு என்று தெரியாமலே
அடுத்த கணக்குக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு அது வராது.
கடைசி தசமம் வரை போட்டுப் பார்த்துவிடுவேன்.
கணக்குக்கு இரண்டு நிமிடம் என்பது விதி.
ஆறாவது நிமிடத்தில்
யாரும் கேட்காத சரியான எண்ணைக்
கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் நான்.

திபிலிசி. பிப்ரவரி.
மெட்ரோ பாதை முடியும் இடத்தில்
இரவெல்லாம் விழித்திருக்கும் மருந்துக்கடை.
பகல் ஆள் சியாலா சீட்டு வைத்துப் போயிருந்தாள்:
'இருமல் டப்பா ஏழு லரி, தைலம் பதினொன்று,
மொத்தம் நாற்பது. எது எத்தனை, மறந்துவிட்டேன்.'
தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று.
அவசரக்காரர் போதாது என்பார்.
ஆனால் அரை டப்பா நாங்கள் விற்பதில்லை.
தைலம் மூன்று, இருமல் ஒன்று,
வேறு வழியே கிடையாது.
அன்றிரவு முழு எண்கள் மேல்
எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

போலந்திலிருந்து ஜுராப் பேசினான்.
சனிக்கிழமை சொன்னது:
மூன்று சம்பளம் வாங்கி இரண்டு தவணை கட்டினால்
கையில் இவ்வளவு நிற்கும்.
இன்று சொன்னது:
ஆறு சம்பளம், நான்கு தவணை,
அதைப்போல் இரு மடங்கு நிற்கும்.
பார்வைக்கு இரண்டு கூற்று.
கோட்டின் மேலேயே போட்ட கோடு,
வெட்டிக்கொள்ளும் புள்ளி என்று தனியாக ஒன்றில்லை.
எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.
ஐந்தாவது கட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

இரண்டு நாற்பதுக்கு மல்ஹாஸ் வந்தார்,
எதிர்க் கட்டடம், ஒன்பதாவது மாடி.
மகனுக்குக் காய்ச்சல். வயது மூன்று.
எடை கேட்டேன்.
'போன வாரம் இதே தராசில்
அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தொண்ணூற்றேழு.'
நீங்கள் மட்டும்?
தெரியாது.
ஏறச் சொன்னேன். எண்பத்துநான்கு.
பதின்மூன்று! என்று உள்ளே எவளோ கத்தினாள்.
பிறகுதான் பார்த்தேன்,
பனி ஒட்டிய பூட்ஸ், ஆட்டுத்தோல் கோட்டு.
அன்றைக்கு இதெல்லாம் போட்டிருந்தீர்களா?
யோசித்தார்.
கழற்றிவிட்டு ஏறினார். எண்பத்தொன்று.
இன்னும் யோசித்தார்.
கைபேசியில் சார்ஜ் இல்லை,
மனைவியின் எண் மனப்பாடமில்லை.
காலுறை ஓட்டையில் பெருவிரல் தெரிய
தராசின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

புத்தகத்தில் யாரும் கோட்டுப் போடுவதில்லை.
தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்களில்
ஒன்றுகூட உறைந்துபோவதில்லை.
இங்கே பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் நடுவே
எங்கேயோ ஒரு பையன் கொதித்துக்கொண்டிருந்தான்.

பதின்மூன்றுக்கே அளந்தேன்.
குறைந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்,
கூடிவிடக் கூடாது.
ஊசியில்லாத குழலில் பேனாவால் கோடு கிழித்து
இதுவரைக்கும்தான் என்றேன்.
லிஃப்டில் போடக் காசில்லை என்றார்,
கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
நாற்பது இனி நாற்பது இல்லை.
சியாலாவுக்குச் சீட்டு எழுத வேண்டும்.

அவர் போனபின் அவருடைய கணக்கை
ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
தேர்வில் வந்தால் சந்தேகமேயில்லை, ஐந்தாவது.
மருந்து அதற்குள்
ஒன்பது மாடி ஏறியிருக்கும்.

ஏழரைக்கு இருவருமாக வந்தார்கள்.
பையனுக்கு நெற்றி வியர்த்திருந்தது.
தராசைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு
தானே ஏறி நின்றான்.
பதினான்கு சொச்சம்.
எவ்வளவு சொச்சம் என்று குனிந்தேன்,
விடுகிற ஆள் நானில்லையே.
ஒரு கையில் பாதி கடித்த ரொட்டி,
இன்னொரு கையில்
அப்பாவின் பூட்ஸ் ஒன்று.