நாமினி

பதினோரு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில்
அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டியிருக்கிறேன்:
"இத வெறுமன விட்றாதீங்க,
பின்னாடி மத்தவுக அலையணும்."

மதுரையில், ஏசி உறுமும் அறையில்,
இப்போது என் முன்னால் அதே கட்டம்.

இடது மார்பில் சீடை அளவு கட்டி.
கீமோவுக்கு முன் பன்னிரண்டு நாள்,
தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளித்
தினம் ஓர் ஊசி.
கட்டி குடித்து வளரும் ஹார்மோனையே
எனக்கு நானே வார்த்துக்கொள்வதா என்றேன்.
"அது ஏறாமலிருக்க மாத்திரை உண்டு.
இதுவரை பார்த்ததில் ஆபத்துத் தெரியவில்லை."
இல்லையா, தெரியவில்லையா?
டாக்டர் ஜெபமலர் பேனாவை மூடினார்.
"தெரியவில்லை."
அந்த ஒரு சொல்லுக்காக அவரை நம்பினேன்.

காரைக்குடியில் வேறு கணக்கு.
வெறும் முட்டையாக எதற்கு,
கருவாகவே வைத்துவிடலாமே என்றார் மாமியார்.
கோவில் ஏட்டில் தம்பதி ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி.
நான் போன பிறகும்
மகனுக்கு மிச்சம் ஏதாவது இருக்கட்டும் என்று
சொல்லாமல் சொன்னார்.
கெட்டவர் இல்லை.
ஊசி மருந்தின் ஐஸ் பெட்டியை
மதுரையிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

சாத்தப்பன் எதுவும் சொல்லவில்லை.
நடுராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தான்.
தண்ணீர் எடுக்கவில்லை.

ஒன்பது எடுத்தார்கள். ஏழு தேறியது.
கலக்க வேண்டாம், முட்டையாகவே இருக்கட்டும் என்றேன்.
வருஷ வாடகை, லாக்கரைவிட அதிகம்.

'இறக்க நேரிட்டால்' என்று தொடங்கியது
நான்காம் பக்கம்.
கணவருக்கு, ஆராய்ச்சிக்கு,
முகம் தெரியாத ஒருத்திக்கு,
அல்லது அழித்துவிட.
உயிரோடிருந்தால் ஏழும் எனக்கு.
நான் இல்லாத வீட்டில்
என் மூக்கோடு ஒரு குழந்தை,
புகைப்படத்தைக் காட்டி அம்மா என்று
சொல்லிக்கொடுக்கப்படும் குழந்தை.
அதனிடம் யார் சம்மதம் கேட்பது?

கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன்.
சாட்சிக் கையெழுத்துச் சாத்தப்பனுடையது.
எங்கே போடுவதென்று
விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

கீமோவுக்கு முந்தின திங்கட்கிழமை
வேலைக்குப் போனேன்.
சேலைக் கொசுவம் அழுத்துகிற இடமெல்லாம்
ஊசி குத்திய நீலம்.
பள்ளத்தூர்க்காரர் ஒருவர்
வைப்புநிதிப் படிவத்தை நீட்டினார்.
நாமினி கட்டம் காலி.
தட்டிக் காட்டப் போன விரலை
மடக்கிக்கொண்டேன்.

"உக்காந்து யோசிச்சு எழுதுங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது.