பதினாலுக்குப் பதினாலு

அலஸ் தோட்டத்து மணல் ஒழுங்கையில் வானை நிறுத்தி
சில்லுக்குக் கல் வைத்து
ஏணியைச் சாத்தி ஏறினேன்.
ஏழு மணிக்கே தகரம் கையைச் சுட்டது.
கச்சான் காற்று
தலைத்துணியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது.

காற்றுமூடி செத்து மூன்று மாதம்.
வெயில் குடித்து வெளிறிய பிளாஸ்ரிக்,
ஒரு குரங்கு குந்தியதில் உடைந்தது.
(கோட்டைச் சரிவில் நிறுத்திவிட்டுக்
கோயிலுக்குப் போன வாடகைக்காரர் சொன்ன கதை.
குரங்கை நான் விசாரிக்கவில்லை.)
அன்றிலிருந்து பொலித்தீன், செங்கல், கயிறு.
புதியது கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
தனி ரிக்கற்றோடு.
பதினாலு அங்குலம் என்றது பெட்டி.
நாளை விடிய ஆறுக்கு நிலாவெளியில் ஆட்கள் நிற்பார்கள்.
ஐந்தாம் திகதி தவணை.

உள்ளே நஃப்ரிஸ், கட்டிலில் மல்லாந்து.
கிண்ணியாவில் படகுக்குப் பைபர் ஒட்டுகிறவன்.
கூரைக்கு ஏறமாட்டான், உயரம் பயம்.
அப்ப கடலில்? என்றேன்.
"கடல் கீழதானே கிடக்கு."

பதினாறு திருகாணி.
பதின்மூன்று வந்தன, இரண்டு தலையிழந்தன,
ஒன்று தொட்டதும் தூளானது.
பிறகு பழைய பசை.
வெள்ளைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே தார்,
தாருக்குக் கீழே பட்டி.
"ஒரு சொட்டும் ஒழுகாது பிள்ளை"
என்று விற்ற அத்தானின் குரல்
படைக்கொரு வயதில் கிடந்தது.

பின்னோரத்தில் கத்தி வழுக்கியது.
இழுத்தேன்.
இளஞ்சிவப்பு இறப்பர்.
விளிம்பில் பாதி வண்ணத்துப்பூச்சி.

செருப்பு.
கீற்றுக் கீற்றாய் வெட்டி, நுனிக்கு நுனி பொருத்திய
ஒற்றைச் சின்னச் செருப்பு.

உப்புவெளிக் கடல் கொண்டுபோனதென்று
யதுசா மூன்று நாள் அழுதாளே, அது.
அலையைத் திட்டினோம்.
முழங்கால் தண்ணீரில் நின்று நானும் தேடினேன்.
அத்தானும் தேடினார்,
என்னைவிட ஆழத்தில்.

"என்ன அக்கா, சத்தத்தைக் காணேல்ல?" என்றது ஓட்டை.
கீற்றைக் கீழே நீட்டினேன்.
வளைத்தான், மணந்தான், வெளிச்சத்தில் பிடித்தான்.
"நல்ல வேலைக்காரன்" என்றான்.
"இந்தப் பக்கம் கறளே பிடிக்கேல்ல."

உண்மைதான்.
மூன்று பக்கம் தின்னப்பட்டுக் கிடக்க
செருப்பிருந்த பக்கம் மட்டும்
வந்த நாளின் வெள்ளை.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
திருகாணிகளோடு டப்பாவில் போட்டேன்.

ஓட்டை பதின்மூன்றரை.
லீசிங் கொம்பனிக்குச் சொந்தமான கூரையில்
அரை அங்குலம் வெட்ட
யாரிடம் கேட்பது?
கிரைண்டர் அலறியது.
தென்னையில் இருந்த காகமெல்லாம்
வேறு தோட்டத்துக்குப் போயின.
பொறி சிந்தச் சிந்த
ஈரச் சாக்கைப் பிடித்தபடி நஃப்ரிஸ்
ஓதினானோ ஏசினானோ.
வெட்டி முடிய எட்டிப் பார்த்தேன்:
கிணறு போலிருந்தது.
அடியில் ஒரு முகம், கண்ணாடி போட்டு,
புருவமெல்லாம் தகரத் தூள்,
தேத்தண்ணி கேட்டது.

நாடா ஒட்டி, மூடி இறக்கி,
எதிரெதிராய்த் திருகாணி முடுக்கி
சுற்றிவரப் பசை இழுத்தேன்.
கச்சான் ஒரு கைப்பிடி மணலை
அதன்மேல் தூவிவிட்டுப் போனது.
காய இருபத்துநாலு மணித்தியாலம் என்றது குழாய்.
என்னிடம் பத்து இருந்தது.

இருட்டும் நேரம் இரண்டு வாளி ஊற்றினேன்.
அவன் வாயைத் திறந்து படுத்திருந்தான்.
"விழுந்ததா?"
"இல்ல."
"இப்ப?"
"பொறுங்களேன்."
மூன்றாவது வாளி.
கூரையில் ஓடி, பின்னோரத்தில் தேங்கி,
யோசித்து,
கண்ணாடி வழியே மணலுக்கு இறங்கியது.

இறங்கி வந்து விசிறியைப் போட்டேன்.
பகலெல்லாம் படுத்திருந்த வெக்கை
மெல்ல எழும்பி மேலால் போனது.
அக்கா கோல் எடுத்தாள். கூரை எப்படி?
"ஒழுகேல்ல."
"இவர் அப்பவே சொன்னவர்தானே" என்றாள்.
"ஓம்" என்றேன்.
"யதுசாவுக்கு இப்ப கால் எத்தினையாம் இலக்கம்?"
"பன்ரெண்டு. ஏன் கேக்கிறாய்?"

விசிறிச் சத்தத்தில்
கேளாதவள் போல இருந்தேன்.